மாத்திரையை மட்டும் விட்டுடாதே

1

போன மாதம் கந்தசஷ்டியின் மூன்றாம் நாள், என் மகள் மயூரியைக் கூட்டிக்கொண்டு டொரொன்டோவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூட்டிக்கொண்டு போனேன் என்று நான்தான் சொல்கிறேன். அவளைக் கேட்டால், "அம்மா பின்னால வந்தாங்க" என்பாள். இருபத்திரண்டு வயது, பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். காரை ஓட்டியது அவள், வரவேற்பில் பேசியது அவள், எந்த மாடி என்று கண்டுபிடித்ததும் அவள். எட்டு வயதில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்கிய பிள்ளை.

அதற்கு இரண்டு வாரம் முன்பு அவளுடைய இடது கால் வீங்கியது. ஜிம்மில் சுளுக்கிவிட்டது என்று ஐஸ் வைத்தாள். மூன்றாம் நாள் கால் கல் மாதிரி ஆகி, சப்பாத்து ஏறாமல் போனபோது அவசரப் பிரிவுக்கு ஓடினோம். தொடையில் இரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் வயிற்றில் ஊசி. இரத்தத்தை இளக்க இனி எந்த மருந்து, எத்தனை காலம் என்று முடிவு செய்ய ஒரு நிபுணரிடம் அனுப்பியிருந்தார்கள்.

இந்த நாட்டில் டொக்டரின் முகத்தைப் பார்க்குமுன் படிவத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். படிவம் என்றால் எனக்கு இன்றும் பயம். நாங்கள் இங்கே இருப்பதா, திரும்பிப் போவதா என்பதே ஒரு காலத்தில் ஒரு படிவத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மயூரிக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. முழங்காலில் வைத்து மளமளவென்று நிரப்பினாள். மூன்றாம் பக்கம் முழுக்கக் குடும்பத்தைப் பற்றிய கேள்விகள். குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் கட்டியதுண்டா? அடிக்கடி கரு கலைந்ததுண்டா? இளவயதில் யாரும் இறந்ததுண்டா?

"சித்தி யங் தானே அம்மா? ஆனா அது வார்ல. அது இதுல வராது," என்று தனக்குள் பேசுவது போலச் சொல்லிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

2

வசந்தி என் ஒரே தங்கை. எங்கள் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், மாத்தளைக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக். நாங்கள் பிறந்து வளர்ந்தது மாத்தளை டவுனில் என்பதால் எங்கள் வாயில் வந்தது வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா தான். இங்கே தமிழ்க் கடையில் நான் வாயைத் திறந்தால், "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். மாத்தளை என்றால், "ஓ, தோட்டப் பக்கமோ?" என்பார்கள். நான் விளக்கி முடிப்பதற்குள் மீன் வெட்டுகிறவர் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

வசந்தி இறந்தது 1999இல். அடுத்த வருடம் ஒரு கலியாண வீட்டில் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "உங்கட தங்கச்சி மோசம் போயிட்டாவாம். பிரச்சினையிலயோ?"

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை எனக்கு அப்போது வேண்டியிருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஊரில் யார் செத்தாலும் யுத்தத்தில்தான் செத்தார்கள் என்று எடுத்துக்கொண்ட வருடங்கள் அவை. மேற்கொண்டு யாரும் துருவுவதில்லை. அதே தலையாட்டலைப் பிறகு வேலையிடத்திலும் செய்தேன், கோயிலிலும் செய்தேன். கடைசியில் பதின்மூன்று வயது மயூரியிடமும் அதையே சொல்லி வைத்தேன். மாத்தளையில் சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் இருந்தன, சண்டை நடக்கவில்லையே என்று கேட்க அவளுக்குத் தெரியவில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். ஒரு காரணத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பெண்பிள்ளை வைத்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் இரத்தத்தில் ஏதோ கோளாறாம், கரு தங்காதாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், சாதகம் கேட்டவர்கள் ரெலிபோன் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். இப்போதுகூட ஒரு நல்ல குடும்பம் மயூரியை விசாரித்துக்கொண்டிருந்தது. பையன் பொறியியலாளர்.

மற்றக் காரணத்தைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் எடுத்திருக்கிறது.

3

வசந்தி உக்குவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். கலியாணம் முடித்து ஐந்து வருடத்தில் மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. முதலாவதுக்குக் கண்ணூறு என்றார்கள். இரண்டாவதுக்குச் செவ்வாயைக் குற்றம் சொன்னார்கள். மூன்றாவது ஐந்தாம் மாதத்தில் போனபோது யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த மாதம் அவளுடைய கால் வீங்கியது.

காலையும் வயிற்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுப் பார்த்தவர் கண்டியில் ஒரு சிங்கள டொக்டர். வெளியிலிருந்து வரும் நோயோடு சண்டை பிடிக்க வேண்டிய சக்தி, ஆள் தெரியாமல் சொந்த உடம்போடேயே சண்டை பிடிக்கிறது, அதனால் கட்டக் கூடாத இடத்தில் இரத்தம் கட்டுகிறது, பிள்ளைக்குப் போன இரத்தமும் அப்படித்தான் நின்றுபோனது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாராம்.

"அப்ப எனக்குள்ளயும் கலவரமா டொக்டர்?" என்று இவள் சிங்களத்தில் கேட்டாளாம். அவர் சிரிக்கவில்லையாம். என்னிடம் ரெலிபோனில் சொல்லும்போது இவள்தான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று மாத்திரை. ஒரு நாளைக்கு ஒரு தரம். ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கண்டிக்கு வந்து இரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை குறைந்தால் இரத்தம் கட்டும், கூடினால் ஒழுகும், நடுவில் பிடித்து வைக்க வேண்டும். அதை எடுக்கும் காலத்தில் பிள்ளை உண்டாகக் கூடாது, கருவுக்கு ஆகாத மருந்து. மற்றது ஊசி. அது கருவுக்குப் பழுதில்லை. ஆனால் காலையும் மாலையும் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்ள வேண்டும், மாதக்கணக்கில். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். பாதை பூட்டி, மருந்து வராமல் போனால் ஆபத்து. ஒரு வருடம் மாத்திரை எடுத்துக் காலைத் தேற்றிக்கொள்ளவும் முடியும், பிள்ளைதான் முதலில் என்றால் ஊசியோடு இப்போதே முயற்சி செய்யவும் முடியும், இரண்டுக்கும் நான் துணை நிற்பேன், வீட்டில் கலந்து பேசி வாங்க என்று அனுப்பினார்.

வீடு என்றால் அதில் நானும் அடக்கம், ஏழு கடல் தாண்டி இருந்தாலும்.

4

அவளுடைய வீட்டில் ரெலிபோன் இருக்கவில்லை. உக்குவளையில் ரபீக் நானாவின் கடைக்குத்தான் நான் எடுப்பேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இவர் எங்கள் அப்பாவுக்குப் பழக்கமானவர். கடையோடு ஒரு வானும் வைத்திருந்தார். சனிக்கிழமை எனக்குக் காலை, அவர்களுக்குப் பின்னேரம். அம்மா, வசந்தி, வசந்தியின் கணவர் மூவரும் கடைக்குள் வந்து நிற்பார்கள், ரிசீவர் கை மாறும்.

"அக்கா, நா ஊசியே போட்டுக்கிறேன். வயித்தில தானே, ரெண்டு நாள்ல பழகிரும்."

"ஊசிய பேக்ல போட்டுக்கிட்டு செக்பொயின்ட்ல நின்னா என்ன நெனைப்பானுங்க?"

"டொக்டர் துண்டு எழுதிக் குடுப்பாரு."

"அத வாசிச்சுக்கிட்டா நிப்பான்? வசந்தி, ஒரு வருஷம் மாத்திரை போடு. மொதல்ல நீ உசிரோட இரு. புள்ளய பொறகு பாப்போம்."

"எனக்கு முப்பத்திநாலு அக்கா."

"முப்பத்தஞ்சுல பெத்துக்க."

என் பயம் பொய்யில்லை. வானொலிப் பெட்டி ஒன்றைத் திருத்தக் கொண்டு போனதற்காக என் கணவரை ஒரு சாவடியில் இறக்கி நாற்பது நாள் வைத்திருந்தார்கள். அவர் வெளியே வந்த பிறகுதான் நாங்கள் நாட்டை விட்டோம். பையில் ஊசிகளோடு என் தங்கை வரிசையில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதோடு இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். கிழவர்களுக்குச் சாப்பாடு ஊட்டி, படுக்கை மாற்றுகிற வேலை. ஆனால் எங்கள் வீட்டில் நான் அரை டொக்டர். இங்கே அந்த மாத்திரையை எத்தனையோ பேர் வருடக்கணக்காக எடுக்கிறார்கள் என்றேன். அம்மா உடனே என் பக்கம் சாய்ந்துவிட்டார். அவளுடைய கணவரும், "அக்கா சொல்றது சரி" என்றார்.

ரிசீவர் திரும்ப வசந்தியிடம் போனது.

"சரி. எல்லாரும் சொல்றீங்கன்னா சரி," என்றாள்.

இன்னொரு புத்திமதியும் சொன்னேன். எங்கள் இல்லத்துச் சமையலறைச் சுவரில் அந்த மாத்திரை எடுப்பவர்களுக்கான சாப்பாட்டு அறிவித்தல் ஒட்டியிருந்தது. கீரை கூடினால் மாத்திரையின் வேலை குறையும் என்பது அதில் முதல் வரி. "வல்லாரச் சம்பல கொறைச்சுக்க," என்றேன். அவளுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. குறைத்துக்கொண்டாள். நான் சொன்ன எதை அவள் செய்யாமல் விட்டாள்?

5

ஒன்பது மாதம் ஒரு குறையும் இல்லாமல் போனது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ரபீக் நானா கண்டிக்குச் சாமான் எடுக்கப் போகும் வானில் முன் ஆசனத்தில் ஏறிப் போய், இரத்தம் கொடுத்து, கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவாள். பிறகு கந்தசஷ்டி வந்தது. பிள்ளை வேண்டும் என்கிற பெண்கள் அந்த ஆறு நாளையும் எப்படிப் பிடிப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"அக்கா, இந்த முறை சஷ்டி புடிக்கப் போறேன். ஆறு நாளும் பாலும் பழமும்தான். ஒரு வருஷம் முடிய இன்னும் மூணு மாசம் கெடக்கு. அதுக்குள்ள முருகன்கிட்ட சொல்லி வச்சிர்றேன்."

ஊசியை வேண்டாம் என்றவள் நான். இதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுமட்டுமில்லை, என் அரை டொக்டர் மூளை ஒரு கணக்கும் போட்டது. விரதத்தில் கீரை இல்லை. கீரை இல்லை என்றால் மாத்திரை இன்னும் நன்றாக வேலை செய்யும். நல்லதுதானே?

"புடி. ஆனா மாத்திரையை மட்டும் விட்டுடாதே. பூசை முடிஞ்சு வந்து பாலோட போட்டுக்க."

"விட மாட்டேன் அக்கா. சத்தியமா."

பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் ரபீக் நானா. வசந்தியின் கணவருக்குக் கதைக்க முடியவில்லை.

இரத்தம் பார்க்கிற நாள் அந்த ஆறு நாளுக்குள் வந்ததாம். கோயில் நாளில் வேண்டாம், அடுத்த கிழமை போகலாம் என்று இவள் தள்ளி வைத்தாளாம். "நா சொன்னேன் தங்கச்சி," என்றார் நானா என்னிடம். "எங்கட நோன்புலயே சொகமில்லாதவங்கள விடச் சொல்லித்தான் இருக்கு மிஸ், டொக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் புடிங்களேன், நாளைக்கு வான் போகுதுன்னு சொன்னேன். அக்காகிட்ட கேட்டுட்டேன் நானான்னு சிரிச்சாங்க."

ஐந்தாம் நாள் பல் விளக்கும்போது இரத்தம் வந்திருக்கிறது. ஆறாம் நாள் சூரன்போர் பார்க்கக் கோயிலுக்குப் போனவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பசித் தலையிடி என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பாலைக் குடித்து மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுத்தாள். விடிய, விரதம் முடிக்கும் பாரணைக்குச் சமைக்க எழுப்பினால் எழும்பவில்லை. நானாவின் வானில்தான் மாத்தளைக்கும், அங்கிருந்து கண்டிக்கும் கொண்டுபோனார்கள். தலைக்குள் இரத்தம் ஒழுகியிருந்தது. மூன்று நாள் கிடந்தாள்.

அந்தச் சிங்கள டொக்டர் கிளினிக் கொப்பியோடு வந்து, என்ன சாப்பிட்டா என்று கேட்டாராம். பாலும் பழமும் என்றார்கள். மாத்திரை எடுத்தாவா என்று கேட்டாராம்.

"ஒரு நாளும் விடல்ல டொக்டர்னு அவங்க வீட்டுக்காரர் சொன்னாரு தங்கச்சி. பெருமையாத்தான் சொன்னாரு," என்றார் நானா. டொக்டர் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். வயிற்றில் சாப்பாடு இல்லாமல் அதே மாத்திரையைப் போட்டால் அது இரண்டு மடங்காக வேலை செய்யும், ஒன்றில் விரதத்தை விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் என்னிடம் வந்திருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாராம்.

6

சாவுக்கு நான் போகவில்லை. எங்களை அகதிகளாக ஏற்றுக்கொண்ட அரசாங்கம் தந்த பயணப் பத்திரத்தில், எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தோமோ அந்த நாட்டைத் தவிர மற்ற எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று அச்சடித்திருந்தது. அலுவலகத்தில் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். கண் கலங்கினாள், ஆனாலும் விதியை மாற்ற அவளால் முடியவில்லை. குடியுரிமை கிடைத்த பிறகு போயிருக்கலாம். போகவில்லை. வசந்தியின் கணவருக்கு முன்னால் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சமையலறைச் சுவரில் இருந்த அந்த அறிவித்தலை முழுக்க வாசித்தேன். மூன்று வருடம் என் கண்ணுக்கு முன்னால் இருந்த தாள். கீரையைப் பற்றிய வரிக்குக் கீழே இன்னொரு வரி. சாப்பாட்டைத் திடீரென்று குறைக்கவோ பட்டினி கிடக்கவோ வேண்டாம், இரத்தக் கசிவு உண்டாகும், உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள். சின்ன எழுத்துக்கூட இல்லை. நான்தான் முதல் வரியோடு நிறுத்தியிருக்கிறேன். அன்று குளியலறைக்குள் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன்.

7

மயூரியை அனுப்பியிருந்த அந்த டொரொன்டோ நிபுணர் சின்னப் பெண்தான். முப்பத்தைந்து இருக்கும். அம்மா உள்ளே இருக்கலாமா என்று மயூரியிடம் கேட்டார். மயூரி தோளைக் குலுக்கினாள். நான் இருந்துவிட்டேன்.

வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டார். கர்ப்பத்தடை மாத்திரை, ஒரு வருடமாக, என்றாள் என் மகள், நேரம் என்ன என்று கேட்டதற்குச் சொல்வது மாதிரி. என் முகத்தில் ஏதும் தெரிந்துவிடக் கூடாது என்று சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பானையில் சாப்பிடுகிறோம், இருந்தும் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

டொக்டருக்கு முகம் தெளிந்தது. காரணம் கிடைத்துவிட்டது, அந்த மாத்திரைதான், அதை நிறுத்திவிடலாம் என்றார். படிவத்தைப் புரட்டினார். குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை, நல்லது. ஆறு மாதம் இரத்தம் இளக்கும் மருந்து, அதோடு முடிந்தது. மயூரி சிரித்தாள். படிப்பு முடிந்து வன்கூவரில் வேலை, அதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பொறியியலாளர் வீட்டாரும் இருந்திருப்பார்கள், மகளின் கண்ணில் எனக்கு இருந்த இடமும் இருந்திருக்கும். ஆறு மாதம் கழித்து மருந்தை நிறுத்துவாள். பிறகு ஒரு நாள் எங்கேயோ ஓர் ஊரில் கால் வீங்கும், அல்லது மூச்சு அடைக்கும், அல்லது வயிற்றில் ஒரு பிள்ளை போகும்.

"மை சிஸ்டர்," என்றேன். "நொட் வார்."

அதற்கு மேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. பதினான்கு வருடமாகப் பழகிய பாஷை ஒரு சொல் விடாமல் ஓடிப்போய்விட்டது. மயூரியிடம் தமிழில் சொன்னேன். அவள் அதை டொக்டருக்குச் சொன்னாள். மூன்று பிள்ளைகள் போனதைச் சொன்னேன், சொன்னாள். கால் வீங்கியதை, கண்டி டொக்டர் கண்டுபிடித்ததை, இரண்டு வழியை, நான் ரெலிபோனில் சொன்னதை, விரதத்தை. அவளுடைய சித்தி எப்படிச் செத்தாள் என்பதை முதல் முதலாகக் கேட்டுக்கொண்டே, இன்னொருவருக்கு அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரையை விடாதே என்று சொன்ன இடத்தில் அவளுடைய குரல் நின்றுவிட்டது. டொக்டர் காத்திருந்தார். பிறகு அதையும் சொன்னாள்.

டொக்டர் படிவத்தில் 'இல்லை'களை வெட்டி எழுதினார். சொந்த உடம்போடேயே சண்டை பிடிக்கிற அந்த எதிர்ப்புச் சக்தி மயூரியின் இரத்தத்திலும் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இருந்தால் மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் சோதிக்க வேண்டும். அப்போதும் இருந்தால் ஆறு மாதக் கதையெல்லாம் கிடையாது. நீண்ட காலத்துக்கு, அநேகமாக ஆயுளுக்கும், மருந்து. அது மாத்திரையாகத்தான் இருக்கும். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போது ஊசிக்கு மாறலாம். அப்படிப் பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார். நிறையப் பேர்.

"உங்களுக்கு எது முக்கியம்?" என்று மயூரியிடம் கேட்டார். அவள் ஆறுதலாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்து நின்றோம்.

"சித்திகிட்ட யாராவது கேட்டீங்களா அம்மா, அவங்களுக்கு எது வேணும்னு?"

"கேக்கத் தேவையிருக்கல்ல. ஊசிதான் வேணும்னு மொத நாளே அவ சொன்னா."

லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடியது. நாங்கள் ஏறவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "இனிமே என்னோட அப்பொயின்ட்மென்ட்டுக்கு நீங்க வர வேணாம்," என்றாள், கோபமே இல்லாமல்.

"சரி," என்றேன்.

முதல் சோதனையின் முடிவு போன கிழமை தபாலில் வந்தது. கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். என் முன்னாலேயே பிரித்து, நின்றபடி வாசித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்ன எழுதியிருந்தது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.